டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து ஆப்-ஆம்ப் வாங்காதீர்கள்

"பேட்டரியில் ஓடணும், பிரிசிஷனாவும் இருக்கணும், எந்த ஆப்-ஆம்ப் போடலாம்?" இப்படிக் கேட்டு வருகிறவர்களுக்கு உடனே ஒரு நம்பரைச் சொல்லி அனுப்பிவிட என்னால் முடிவதில்லை. (ஆப்-ஆம்ப் என்றால் சென்சார் தரும் சின்ன வோல்டேஜைப் பெருக்கித் தரும் சிப்.) காட்பாடி பக்கம் சின்னதாக ஒரு கருவி ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறேன். ராணிப்பேட்டை, மேல்விஷாரம் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் தோல் பதனிடும் டேனரி லேப்களில் கெட்டுப்போகும் பிஎச் மீட்டர், டிடிஎஸ் மீட்டர், தொங்கு தராசு எல்லாம் இங்கே வரும். கூடவே கிணற்று மட்டம் பார்க்கிற மாதிரி சில்லறை வேலைகளும் வரும். கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சென்சார் என்ன, அதன் உள்ளே இருக்கும் மின்தடை எவ்வளவு? இதற்குப் பதில் தெரியாமல் ஆப்-ஆம்ப் தேர்ந்தெடுத்தால், 300 ரூபாய் சிப் 10 ரூபாய் சிப்பைவிட மோசமாக அளக்கும். நடக்காத கதை இல்லை, என் மேஜைக்கு வந்த கதைதான், கீழே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னணி. கல்லூரி லேபில் எல்லாரும் 741-ல்தான் கையை வைத்திருப்போம். 1968-ல் ஃபேர்சைல்டு கம்பெனியில் டேவ் ஃபுல்லாகர் வடிவமைத்தது, இன்னும் சிலபஸை விட்டுப் போகவில்லை. பிளஸ் 15, மைனஸ் 15 வோல்ட் கொடுத்துப் பழகிய பிள்ளைகள் அதே சிப்பை இரண்டு பென்சில் செல்லில் ஓட்டப் பார்த்துவிட்டு "சார், வேலையே செய்யல" என்று வருவார்கள். வேலை செய்யாதுதான், 3 வோல்ட் அதற்குக் காணாது. அப்புறம் எல்எம்324 போடுவார்கள். அது 3 வோல்ட்டில் எழுந்து நிற்கும், ஆனால் ஆஃப்செட் (இன்புட்டில் எதுவும் இல்லாதபோதும் இருப்பது போலக் காட்டும் பிழை வோல்டேஜ்) 7 மில்லிவோல்ட் வரை போகலாம், பயஸ் கரண்ட் (இன்புட் கால் வழியாக ஓடும் துளிக் கரண்ட்) பல நானோஆம்பியர். ஓபி07 என்றால் ஆஃப்செட் 75 மைக்ரோவோல்ட்டுக்குள் அடங்கும் நல்ல ரகம் கிடைக்கும், இரைச்சலும் குறைவு, ஆனால் பிளஸ் மைனஸ் சப்ளை கேட்கும், கரண்டை மில்லிஆம்பியர் கணக்கில் தின்னும். பேட்டரியில் வருஷக்கணக்கில் ஓட வேண்டிய கருவிக்கு இவை மூன்றுமே ஆகாது.

இப்போது கிடைக்கும் மைக்ரோபவர், நானோபவர் சிப்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஓபிஏ333 சுமார் 17 மைக்ரோஆம்பியரில் ஓடுகிறது, ஆஃப்செட் அதிகபட்சம் 10 மைக்ரோவோல்ட், 1.8 வோல்ட் போதும். எம்சிபி6041 600 நானோஆம்பியர்தான் எடுக்கும். டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் இந்த எண்கள்தான் தடித்த எழுத்தில் இருக்கும். கெடுதல் முழுக்க நாலாம் பக்கத்து அட்டவணையில் ஒளிந்திருக்கும்.

சரி, பிஎச் மீட்டர் கதைக்கு வருவோம்.

ஆம்பூர் பக்கத்து டேனரி ஒன்றிலிருந்து கையடக்க பிஎச் மீட்டர் ஒன்று வந்தது. சின்னக் கம்பெனி ஒன்று செய்தது. பார்க்க அழகாக, கனமில்லாமல், பட்டன் செல் போட்டு ஓடுகிற மாதிரி. லேபில் வேலை பார்க்கும் பையன் கொண்டு வந்தான். "அண்ணே, லேபுல பஃபர்ல விட்டா 7 கரெக்டா காட்டுது, 4-ம் கரெக்டா காட்டுது. டிரம்முல இருந்து தண்ணி புடிச்சு விட்டா மட்டும் பொய் சொல்லுது. பாய் என்னைத் திட்றாரு." (பஃபர் என்றால் பிஎச் இத்தனை என்று முன்பே தெரிந்த சோதனைக் கரைசல்.) அவன் கெட்டிக்காரன். பொய் சொல்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, பெரிய மேஜை மீட்டரில் அதே தண்ணீரை வைத்துப் பார்த்ததைச் சொன்னான், 0.1, 0.15 பிஎச் வித்தியாசம்.

தோல் வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சுண்ணாம்பில் ஊறும்போது பிஎச் 12-க்கு மேல் இருக்கும், பிக்கிளிங் என்ற உப்பு-ஆசிட் கட்டத்தில் 2.5, 3 என்று இறங்கும், அப்புறம் குரோம் போட்டு மெதுவாக 3.8, 4 என்று ஏற்றுவார்கள். அந்த ஏற்றத்தை அவசரப்பட்டுச் செய்தால் குரோம் தோலின் மேல்பரப்பிலேயே நின்றுவிடும். பழைய ஆட்கள் தோலின் ஓரத்தை வெட்டி, வெட்டுவாயில் பிரோமோகிரிசால் கிரீன் ஒரு சொட்டு விட்டு, மஞ்சளா பச்சையா என்று பார்த்தே சொல்லிவிடுவார்கள், மீட்டரே வேண்டாம். ஆனால் இன்றைக்கு ரிப்போர்ட்டில் எண் எழுதியாக வேண்டும், 2.8-க்கும் 2.95-க்கும் ஆள் பதில் சொல்லியாக வேண்டும்.

மீட்டரைத் திறந்து பார்த்தால் எலக்ட்ரோடு நேராக ஓபிஏ333-க்குள் போகிறது. செய்தவர் காசைப் பார்க்கவில்லை, நல்ல சிப்தான் போட்டிருக்கிறார். ஆனால் கண்ணாடி எலக்ட்ரோடின் மின்தடை சில நூறு மெகாஓம். கணக்குக்கு 250 மெகாஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த சிப்பின் பயஸ் கரண்ட் சாதாரணமாக 70 பிகோஆம்பியர் (பிகோ என்றால் லட்சம் கோடியில் ஒரு பங்கு), அதிகபட்சம் 200. எழுபதை இருநூற்றைம்பது மெகாஓமால் பெருக்கினால் 17.5 மில்லிவோல்ட். 25 டிகிரியில் ஒரு பிஎச் புள்ளிக்கு எலக்ட்ரோடு தருவதே 59.16 மில்லிவோல்ட்தான். ஆக 0.3 பிஎச் பிழை எலக்ட்ரோடின் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது, 10 மைக்ரோவோல்ட் ஆஃப்செட் என்று பெருமை பேசும் சிப்பில்!

அப்புறம் பஃபரில் எப்படிச் சரியாகக் காட்டியது? அங்கேதான் சூட்சுமம். அந்த 17.5 மில்லிவோல்ட் 7-லும் இருக்கிறது, 4-லும் இருக்கிறது, ஒரே அளவு. காலிபரேஷன் செய்யும்போது மீட்டர் அதைக் கழித்துவிடுகிறது, எல்லாம் சுபம். ஆனால் கண்ணாடியின் மின்தடை வெப்பத்தைப் பொறுத்து மாறும், திரவம் ஏறக்குறைய 10 டிகிரி சூடேறினால் பாதியாகிவிடும். லேபில் ஏசி போட்டு 24 டிகிரியில் பஃபர், டிரம் தண்ணீரோ 36 டிகிரி. 17.5 மில்லிவோல்ட்டாக இருந்த பிழை அங்கே எட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும், ஆனால் மீட்டர் பழைய 17.5-ஐத்தான் கழித்துக்கொண்டிருக்கும். வித்தியாசம் பத்து மில்லிவோல்ட், பிஎச் கணக்கில் 0.16. பையன் சொன்னது இதைத்தான்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய உபகரணம் எதுவும் தேவையில்லை. எலக்ட்ரோடைச் செருகும் பிஎன்சி கனெக்டரின் நடுவையும் வெளி ஓட்டையும் ஒரு கம்பியால் ஷார்ட் செய்தால் மீட்டர் 7-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். இப்போது கம்பியை எடுத்துவிட்டு அதே இடத்தில் 1 கிகாஓம் ரெசிஸ்டர் ஒன்றை வையுங்கள், மேலே தகர டப்பா ஒன்றை மூடி அதைக் கிரவுண்டில் இணையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கை அசைவுக்கெல்லாம் ஆடும். ரீடிங் அசையாமல் இருந்தால் ஆப்-ஆம்ப் நல்லது. அந்த மீட்டரில் ஒரு புள்ளிக்கு மேல் ஓடியது. எழுபது பிகோஆம்பியர், ஒரு கிகாஓம், எழுபது மில்லிவோல்ட், கணக்கு அச்சாகப் பொருந்தியது. பிஎச் மீட்டர் வாங்கும் யாரும், புதிதானாலும் பழையதானாலும், இந்த ஒரு சோதனையைச் செய்து பார்த்துவிட்டு வாங்கலாம். 1 கிகாஓம் ரெசிஸ்டர் தெருமுனைக் கடையில் கிடைக்காது, ஆன்லைனில் வாங்கி ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதன் உடம்பை விரலால் தொடாதீர்கள்.

மாற்றிப் போட்டது ஏடி8603. கரண்ட் 40 மைக்ரோஆம்பியர், கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பயஸ் கரண்ட் 25 டிகிரியில் அதிகபட்சமே 1 பிகோஆம்பியர், 250 மெகாஓமில் கால் மில்லிவோல்ட், அதாவது 0.004 பிஎச். 9 வோல்ட் பேட்டரி போடுகிற மீட்டராக இருந்தால் எல்எம்சி6041 போட்டிருப்பேன். அது இன்னும் வேடிக்கை. அதன் ஆஃப்செட் 3 மில்லிவோல்ட் வரை போகலாம், முதல் பக்கத்தைப் பார்த்தால் இதைப் போய் பிரிசிஷன் வேலைக்கா என்று தோன்றும். ஆனால் பயஸ் கரண்ட் சாதாரணமாக 2 ஃபெம்டோஆம்பியர், பிகோவிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு அது. அந்த 3 மில்லிவோல்ட் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருப்பதால் காலிபரேஷன் அதை விழுங்கிவிடும், 14 மைக்ரோஆம்பியரில் வேலையும் முடியும். ஓபிஏ333-க்கு முன்னூறு மடங்கு மோசமான ஆஃப்செட் உள்ள சிப், பிஎச் வேலையில் அதை ஜெயிக்கிறது.

ஏன் இப்படி? ஓபிஏ333 போன்ற ஜீரோ-டிரிஃப்ட் சிப்கள் உள்ளே சுவிட்சுகளை வைத்துத் தன் ஆஃப்செட்டைத் தானே ஓயாமல் திருத்திக்கொள்பவை. ஒவ்வொரு முறை சுவிட்ச் திறந்து மூடும்போதும் துளித் துளி சார்ஜ் இன்புட் கால் வழியாக வெளியே கசியும். அதன் சராசரிதான் அந்த 70 பிகோஆம்பியர். சென்சாரின் மின்தடை சில கிலோஓமாக இருந்தால் இதை யாரும் கவனிக்கவே மாட்டார்கள்.

அதனால் ஜீரோ-டிரிஃப்டைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். தோல் எடை போடும் தொங்கு தராசுக்கு அதைவிட்டால் வேறு கதி இல்லை. எடையைச் சின்ன வோல்டேஜாக மாற்றும் லோடு செல் 2 மில்லிவோல்ட் பெர் வோல்ட் என்றால், 3 வோல்ட் கொடுத்தால் முழு எடைக்கும் சேர்த்து 6 மில்லிவோல்ட்தான் வரும். 600 கிலோ தராசில் 200 கிராம் ஒரு படி என்றால் 3000 படிகள், ஒரு படிக்கு 2 மைக்ரோவோல்ட். அங்கே எம்சிபி6041 ரகத்தைப் போட்டால் டிகிரிக்கு 2 மைக்ரோவோல்ட் நகர்வது அதற்குச் சாதாரணம். காலையில் ஜீரோ செய்த தராசு, மத்தியானம் தகரக் கொட்டகையில் 15 டிகிரி ஏறியதும் 3 கிலோ கூட்டியோ குறைத்தோ காட்டும். நம் ஊர் வெயிலுக்கு 15 டிகிரி எல்லாம் ஒரு ஏற்றமே இல்லை. ஓபிஏ333-ல் அதே ஏற்றத்துக்கு அதிகபட்சம் முக்கால் மைக்ரோவோல்ட், அரைப் படி கூட இல்லை. தராசுக்கென்றே இப்போது எச்எக்ஸ்711 என்ற சிப் சல்லிசாகக் கிடைக்கிறது, கரண்ட் ஒரு மில்லிஆம்பியருக்கு மேல் போனால் பரவாயில்லை என்றால் ஆப்-ஆம்ப் தொல்லையே வேண்டாம், அதைப் போட்டுவிட்டுப் போங்கள்.

வெயிலைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். டேட்டாஷீட்டில் பயஸ் கரண்ட் 25 டிகிரிக்குக் கொடுத்திருப்பார்கள். வேலூரில் 25 டிகிரி மார்கழி விடியற்காலையில் கிடைக்கலாம். ஏடி8603, எல்எம்சி6041 மாதிரி சீமாஸ் இன்புட் சிப்களில் பயஸ் கரண்ட் பத்து டிகிரிக்கு ஒரு தரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சித்திரை வெயிலில் 40-ஐத் தாண்டும் ஊரில், கறுப்பு பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளே 65 டிகிரி வந்தால் 16 மடங்கு. ஒரு பிகோஆம்பியர் பதினாறாகும், 2 ஃபெம்டோஆம்பியர் முப்பத்திரண்டு ஆனாலும் ஒன்றும் குடி முழுகாது. அதனால் வெளியே வெயிலில் நிற்கும் கருவிக்கு, 25 டிகிரி எண்ணைப் பார்க்காமல் 85 டிகிரி எண்ணைப் பாருங்கள். அட்டவணையில் அது கொஞ்சம் கீழே இருக்கும். வெள்ளைப் பெட்டி வாங்குவது இன்னும் மலிவான வழி.

வெயிலைவிடப் பெரிய எதிரி ஐப்பசி மழை. ஈரம் ஏறியதும் பிசிபியின் பரப்பே ஒரு ரெசிஸ்டராகிவிடும். அதுவும் டேனரிக்குள்ளே காற்றில் உப்பு இருக்கும், சுண்ணாம்புக் குழிப் பக்கம் சல்ஃபைடு வாடை இருக்கும், பிஎன்சி கனெக்டரின் வெள்ளி கறுத்துப் போயிருக்கும். பலர் கொண்டு வரும் மீட்டரில் ஆப்-ஆம்ப் நன்றாகவே இருக்கும், சோல்டர் செய்த பிறகு கழுவாமல் விட்ட ஃபிளக்ஸ் ஈரத்தைக் குடித்துக் கசிந்துகொண்டிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஊற்றிப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, மறுபடி சுத்தமான ஆல்கஹாலில் அலசி, ஹேர் டிரையரில் காயவைத்தாலே பாதி மீட்டர்கள் பிழைத்துவிடும். ஒரே தடவை தேய்த்து விட்டால் போதாது, அழுக்கு கரைந்து பரவலாகப் படிந்து முன்னைவிட மோசமாகும்.

புதிதாக போர்டு வரைகிறவர்கள் இன்புட் காலைச் சுற்றி ஒரு கார்டு டிராக் (காவலாக ஓடும் செம்புக் கோடு) போட்டு, அதை ஆப்-ஆம்பின் அவுட்புட்டில் இணையுங்கள், பஃபராக (இங்கே பிஎச் கரைசல் இல்லை, வரும் வோல்டேஜை அப்படியே வெளியே தருவது) ஓடும் சர்க்யூட்டில் இது சுலபம். இன்புட்டும் கார்டும் ஒரே வோல்டேஜில் இருப்பதால் இரண்டுக்கும் நடுவில் ஈரம் இருந்தாலும் கரண்ட் ஓடாது. அதன் மேல் சோல்டர் மாஸ்க் வேண்டாம். ஒன்றிரண்டு மட்டும் செய்வதாக இருந்தால் இன்னும் எளிது: இன்புட் காலை போர்டில் படாமல் மேலே தூக்கி, பிஎன்சியின் நடுக்காலிலிருந்து டெஃப்ளான் உறை போட்ட கம்பியை அந்தரத்திலேயே பற்றவைத்துவிடுங்கள். பார்க்க நாகரிகமாக இருக்காது, ஆனால் காற்றைப் போல நல்ல இன்சுலேட்டர் கிடையாது. பிரெட்போர்டில் பிகோஆம்பியர் சர்க்யூட்டைச் சோதித்துவிட்டு "சிப் சரியில்லை" என்று சொல்லாதீர்கள்.

இனி கரண்ட் விஷயம்.

17 மைக்ரோஆம்பியர் சிப்பைத் தேடிப் பிடித்துப் போட்டுவிட்டு, ஃபீட்பேக்குக்கு (அவுட்புட்டை இன்புட்டுக்குத் திருப்பிவிடும் இடத்துக்கு) பழக்கதோஷத்தில் மொத்தம் 10 கிலோஓம் வரும்படி ரெசிஸ்டர் போடுவார்கள். அவுட்புட் 1.5 வோல்ட்டில் நின்றால் அந்த ரெசிஸ்டர் வழியே 150 மைக்ரோஆம்பியர் போகிறது. சிப்பைவிட ஒன்பது மடங்கு! சப்ளையைப் பாதியாக்கி நடு வோல்டேஜ் எடுக்கிற டிவைடரும் அப்படித்தான், யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சரி என்று மெகாஓம் கணக்கில் ஏற்றினால், 1 மெகாஓமுக்குக் குறுக்கே மழைக்கால ஈரம் 100 மெகாஓம் கசிவு வைத்தாலே கெயினில், அதாவது பெருக்கும் அளவில், ஒரு சதவீதம் போய்விடும். மேலே சொன்ன கழுவும் வேலை இங்கேயும் வந்து நிற்கிறது. நான் பொதுவாக 1 மெகாஓமோடு நிறுத்திக்கொள்வேன், அதற்கு மேல் கேட்டால் கருவியை நேரப்படி தூங்க வைப்பதுதான் சரியான வழி.

அந்தத் தூங்க வைக்கும் விஷயத்தில் நானே எதிர்பார்க்காத ஒரு கணக்கு வந்தது. அணைக்கட்டுப் பக்கம் ஒரு விவசாயியின் கிணற்றில் நீர்மட்டம் பதிவு செய்ய ஒரு சின்னக் கருவி. மோட்டார் ஓடும்போது மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது, நிறுத்தினால் எவ்வளவு நேரத்தில் ஊறுகிறது என்று பார்க்க வேண்டும், அதனால் ஐந்து செகண்டுக்கு ஒரு ரீடிங். பெரியவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "தம்பி, செல்லு மாத்த சும்மா சும்மா நான் கெணத்துல எறங்க முடியாது." பெட்டி குழாய்க்குள் நுழைய வேண்டும், அதனால் பட்டன் செல், சிஆர்2032, சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி.

சென்சார் 350 ஓம் பிரிட்ஜ், நாலு ரெசிஸ்டரைக் கோத்த சர்க்யூட். 3 வோல்ட்டில் அது மட்டுமே 8.6 மில்லிஆம்பியர் எடுக்கும். எப்போதும் போட்டு வைத்தால் ஒரு நாளைக்கு மேல் செல் தாங்காது. ஆக, ரீடிங் எடுக்கும் நேரம் மட்டும் பிரிட்ஜுக்குக் கரண்ட். ஆப்-ஆம்ப் எது? மனசு உடனே நானோபவர் பக்கம்தான் போகும். எல்பிவி821 என்று ஒன்று இருக்கிறது, 650 நானோஆம்பியர், ஜீரோ-டிரிஃப்ட் வேறு, இதற்கென்றே செய்த மாதிரி. ஆனால் அதன் கெயின்-பேண்ட்வித் (பெருக்கத்தையும் வேகத்தையும் பெருக்கினால் வரும் எல்லை) 8 கிலோஹெர்ட்ஸ்தான். கெயின் 100 வைத்தால் 80 ஹெர்ட்ஸ். 12 பிட் துல்லியத்துக்கு (4096-ல் ஒரு பங்கு) அவுட்புட் அடங்கி நிற்க 18 மில்லிசெகண்ட் ஆகும். அந்த 18 மில்லிசெகண்டும் பிரிட்ஜ் 8.6 மில்லிஆம்பியர் குடித்துக்கொண்டிருக்கும். ஐந்து செகண்டுக்கு ஒரு முறை என்று சராசரி போட்டால் 31 மைக்ரோஆம்பியர், செல் பத்து மாசம்.

ஓபிஏ333-க்கு கெயின்-பேண்ட்வித் 350 கிலோஹெர்ட்ஸ். அதே கெயினில் அரை மில்லிசெகண்டுக்குள் அடங்கிவிடும். கரண்ட் கொடுத்ததும் அது விழித்து எழும் நேரத்தையும் சேர்த்துத் தாராளமாக 2 மில்லிசெகண்ட் என்று வைத்தால் கூட சராசரி மூன்றரை மைக்ரோஆம்பியர்தான். இருபத்தைந்து மடங்கு அதிகம் தின்கிற சிப், மொத்தக் கணக்கில் ஒன்பதில் ஒரு பங்கு செலவில் வேலையை முடித்துவிடுகிறது. வீட்டில் கேஸைச் சிம்மில் வைத்துப் பருப்பை மூன்று மணி நேரம் வேகவைப்பவரைவிடக் குக்கரில் நாலு விசில் விட்டு இறக்குபவருக்கு சிலிண்டர் நாள்பட வருவது மாதிரிதான். ஒரே ஒரு நிபந்தனை, ரீடிங் இல்லாத நேரத்தில் அந்த ஆப்-ஆம்பையும் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் 17 மைக்ரோஆம்பியர் எல்லா மிச்சத்தையும் தின்றுவிடும். அதற்குத் தனி சுவிட்ச் கூடத் தேவையில்லை, மைக்ரோகண்ட்ரோலரின் ஒரு பின்னிலிருந்தே அதற்கு சப்ளை கொடுத்துவிடலாம், 17 மைக்ரோஆம்பியர் எல்லாம் ஒரு பின்னுக்கு ஒரு சுமையா? பிரிட்ஜுக்கு மட்டும் சுவிட்சாகச் சின்னதாக ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பட்டன் செல்லுக்கு 8.6 மில்லிஆம்பியர் இழுப்பு பெரிய சுமை, உள்மின்தடையில் வோல்டேஜ் தொப்பென்று விழும். ஆனால் 2 மில்லிசெகண்ட் மட்டும் என்றால் செல்லுக்குக் குறுக்கே 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று அந்த இழுப்பைத் தானே தாங்கிக்கொள்ளும், வோல்டேஜ் பத்தில் ஒரு வோல்ட் கூட இறங்காது. 18 மில்லிசெகண்டாக இருந்தால் முக்கால் வோல்ட்டுக்குப் பக்கத்தில் இறங்கியிருக்கும், சர்க்யூட்டே ரீசெட் ஆகும். கெபாசிட்டர் வாங்கும்போது கவனம், சாதா எலக்ட்ரோலிட்டிக்கில் கசிவே சில மைக்ரோஆம்பியர் இருக்கும். ஆப்-ஆம்பில் நானோஆம்பியர் மிச்சம் பிடித்து கெபாசிட்டரில் விடுவதில் அர்த்தமில்லை, செராமிக் போடுங்கள், நாலைந்தை இணையாக வைத்தாலும் சரி.

அப்போ நானோபவர் சிப் எதற்குத்தான் உதவும்? எப்போதும் விழித்தே இருக்க வேண்டிய இடத்துக்கு. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு காட்டும் எலக்ட்ரோகெமிக்கல் வாயு சென்சாரை அணைத்து அணைத்துப் போட்டால் நிலைக்கு வர நெடுநேரம் எடுக்கும், ஆனால் அதன் சிக்னல் மெதுவானது, 8 கிலோஹெர்ட்ஸ் அதற்குத் தாராளம். டேனரிக் குழியில் இறங்கும் ஆளின் சட்டையில் மாட்டும் கருவி ஆண்டு முழுக்க விழித்திருக்க வேண்டும், அங்கே 650 நானோஆம்பியர் வரப்பிரசாதம்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. குறைந்த கரண்டில் ஓடும் சிப்பில் இரைச்சல் கூடும், அது இயற்கை. ஓபி07-ல் 10 ஹெர்ட்ஸுக்குள் 0.35 மைக்ரோவோல்ட் இருக்கும் இடத்தில் ஓபிஏ333-ல் 1.1 இருக்கும், நானோபவரில் அதற்கும் மேல். மெதுவான சிக்னல் என்றால் நிறைய ரீடிங் எடுத்து சராசரி போட்டுச் சமாளிக்கலாம். ரெயில்-டு-ரெயில் (சப்ளையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போகும்) அவுட்புட் என்று போட்டிருந்தாலும் ஜீரோ வோல்ட்டைத் தொடாது, சில மில்லிவோல்ட் மேலேயே நின்றுவிடும், அதனால் சிக்னலின் ஜீரோவைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். டிரம் ஓட்டும் மோட்டாருக்கு வேகத்தை மாற்றும் விஎஃப்டி போட்டிருக்கும் கொட்டகையில், இன்புட்டில் சின்ன ஆர்சி (ரெசிஸ்டர்-கெபாசிட்டர்) ஃபில்டர் இல்லாமல் எந்த மைக்ரோபவர் சிப்பையும் நம்பாதீர்கள். அந்த அதிவேக இரைச்சல் உள்ளே போய் டிசி ஆஃப்செட்டாக மாறி உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் போன் வைத்தால் ரீடிங் குதிக்கிறது என்று வரும் புகார்களிலும் பாதிக்கு மேல் இதே காரணம்.

கடைசியாகப் போலிச் சரக்கு. இந்த மாதிரி சிப்கள் வேலூர்க் கடைகளில் பெரும்பாலும் இருக்காது, சென்னை ரிச்சி தெருவுக்குப் போக வேண்டும் அல்லது ஆன்லைன். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். மேலே எழுதிய பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு ஒன்று என்று எனக்கு ஒரு பட்டை முழுக்க வந்தது. சோல்டர் செய்யும் முன்பே இரண்டு சோதனை செய்துவிடுவேன். முதலாவது, சப்ளை லைனில் 10 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு அதற்குக் குறுக்கே மில்லிவோல்ட் பார்ப்பது. 17 மைக்ரோஆம்பியர் சிப் என்றால் 170 மில்லிவோல்ட் வர வேண்டும், அந்தப் போலிப் பட்டையில் ஒரு வோல்ட்டைத் தாண்டியது. இரண்டாவது, பயஸ் கரண்டுக்கு. சிப்பை பஃபராக இணைத்து, பிளஸ் இன்புட்டில் 100 பிகோஃபாரட் பாலிஸ்டைரின் அல்லது பாலிபுரொப்பிலீன் கெபாசிட்டரை வைத்து, நடு வோல்டேஜுக்கு ஒரு நொடி தொட்டு விட்டுவிடுங்கள். அவுட்புட் செகண்டுக்கு 10 மில்லிவோல்ட் நகர்ந்தால் 1 பிகோஆம்பியர், 700 மில்லிவோல்ட் நகர்ந்தால் 70. இன்புட் கால் அந்தரத்தில் இருக்கட்டும், தகர டப்பாவை மூடி வையுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். செராமிக் கெபாசிட்டர் இதற்கு ஆகாது, அதன் கசிவைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். தேறிய சிப்பை ஆன்டிஸ்டாடிக் கவரில் போட்டு, அளந்த எண்ணையும் தேதியையும் கவர் மேலேயே எழுதி வைத்துவிடுகிறேன், பிஎச் வேலைக்கு ஒரு டப்பா, தராசு வேலைக்கு ஒரு டப்பா என்று தனித்தனியாக.